மூச்சை வேகமாக விடச் சொன்ன உளவியலாளர்

கோவை சாய்பாபா காலனியில் இருக்கும் ஒரு மருத்துவ உளவியலாளரைப் பற்றி எழுதுகிறேன். பேனிக் அட்டாக்குக்காக, அதாவது திடீர் திடீரென்று வந்து உடம்பையே ஆட்டிவைக்கும் கடும் பயத்துக்காக, அவரிடம் போய்க் குணமானவள் நான். தன் பெயரைப் பொதுவில் போடுவதை அவர் விரும்புவதில்லை, தெரிந்தவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். ஆனால் அவர் வேலை செய்கிற விதத்தை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல சிகிச்சை எப்படி இருக்கும் என்று தெரியாததால்தான் பலர் முதலில் போன இடத்திலேயே வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

நான் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை. டவுன் பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும், மயங்கி விழப்போகிறேன் என்று தோன்றும். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே நார்மல். வாயுத் தொல்லை என்றார்கள், டென்ஷன் என்றார்கள். அப்புறம் பஸ் ஏறுவதே நின்றுபோனது. ஒரு உறவினர் கொடுத்த, இதயநோய்க்காரர்கள் நெஞ்சுவலிக்குப் போடும் சார்பிட்ரேட் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் கைப்பையில் இருந்தால்தான் வாசலைத் தாண்டுவேன். மாமியார் பண்ணாரி அம்மன் கோயில் புற்றுமண்ணைத் தினமும் நெற்றியில் வைத்துவிடுவார்.

இவருக்கு முன்னால் வேறொரு ஆலோசகரிடம் போனேன். ஒரு மணி நேரமும் அறிவுரைதான். "படிச்சவங்க நீங்க, பாசிட்டிவா நினைக்கக் கூடாதா?" என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் இலவசமாகச் சொன்னதையே அங்கே காசு கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் அறையில் மாட்டியிருந்தது இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று மட்டும்.

அதனால் இந்த மேடத்தைப் பார்க்கப் போனதும் முதலில் படிப்பைத்தான் கேட்டேன். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. பெங்களூருவில் இருக்கும் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியலில் இரண்டு வருட எம்.ஃபில்., அதன் பிறகு பல வருடம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் மேஜைக்குப் பின்னால் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. "கவுன்சிலர்னு யார் வேணா போர்டு மாட்டிக்கலாங்க. மருத்துவ உளவியலாளர்னு சொல்றவங்ககிட்ட இந்த நம்பரைக் கேளுங்க" என்று அவரே சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன் என்பதையும் அப்போதே தெளிவாக்கிவிட்டார். பேசுவதெல்லாம் ரகசியமாக இருக்கும், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அந்த உரிமையை எனக்குத் தருகிறது, உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சூழ்நிலையில் மட்டும் விதிவிலக்கு உண்டு என்றார். அவர் உடுமலைப்பேட்டைக்காரர், மில் தொழிலாளியின் மகள் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்து நானாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. தன் கதையைச் சொல்லி என் நேரத்தைச் செலவழிக்கிற ஆள் இல்லை.

முதல் சந்திப்பு முழுக்கக் கேள்விதான். எல்லா ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். காபி எத்தனை டம்ளர், தூக்கம் எப்படி, வீட்டில் யாருக்காவது இதயநோய் உண்டா என்று கேட்டார். அப்பா மாரடைப்பில் போனதைச் சொன்னேன். அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. அப்பாவுக்கு வலி எங்கே ஆரம்பித்தது, அப்போது நான் எங்கே இருந்தேன் என்று மெதுவாகக் கேட்டார். அதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சார்பிட்ரேட்டை மட்டும் மேஜைமேல் வைக்கச் சொல்லி, "இது டாக்டர் உங்களுக்கு எழுதிக்கொடுத்ததுங்களா?" என்றார். இல்லை என்றதும், அது ரத்த அழுத்தத்தை இறக்குகிற மருந்து, டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது என்றார். புற்றுமண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமியாரின் அன்பை மேடம் என் நோயோடு சேர்த்துப் பார்க்காதது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த சந்திப்பில் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தன்னோடு சேர்ந்து ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னார். அவரும் விட்டார். அரை நிமிடத்திலேயே தலை சுற்ற ஆரம்பித்தது. விரல் நுனிகள் குறுகுறுத்தன, உதட்டைச் சுற்றி மரத்தது, நெஞ்சு இறுகியது. பஸ்ஸில் வருகிற அதே சமாச்சாரம், ஒன்று விடாமல். நிறுத்தச் சொன்னார். "இப்ப உங்களுக்கு ஹார்ட் அட்டாக்கா டீச்சர்?" என்று கேட்டார். "இல்லை, மூச்சு வேகமாக விட்டதால்" என்றேன். அதைச் சொன்ன கணத்திலேயே எனக்குள் ஏதோ விட்டுப்போனது.

மீதியை என் பாடத்திலேயே என்னைச் சொல்ல வைத்தார். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அப்போது சமநிலை எந்தப் பக்கம் நகரும்? பதினோராம் வகுப்பில் வருடாவருடம் நான் நடத்துகிற லீ சாட்லியர் தத்துவம்தான்: சமநிலையைக் கலைத்தால், அந்த மாற்றத்தை ஈடுகட்டும் பக்கம் அது நகரும். கார்பானிக் அமிலம் குறையும், ஹைட்ரஜன் அயனி குறையும், பி.ஹெச். ஏறும். ரத்தம் கொஞ்சம் காரப் பக்கம் சாய்ந்தால் கால்சியம் அயனியும் குறைந்து நரம்புகள் குறுகுறுக்கும். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிய சமன்பாடு என் விரல் நுனியில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

பேனிக்கைப் பற்றிய இந்தப் பார்வையை 1986இல் இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் எழுதியிருக்கிறார் என்று மேடம் சொன்னார். உடம்பில் சாதாரணமாக வரும் மாற்றத்தை ஆபத்து என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பயம் கூடுகிறது, பயத்தால் மூச்சும் துடிப்பும் கூடுகின்றன, அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறுகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். பொதுவாக மயக்கம் வருவது ரத்த அழுத்தம் இறங்கும்போது, பயத்திலோ அது ஏறத்தான் செய்யும். பாட்டிலும் மாத்திரையும் இருந்ததால் பிழைத்தேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தவரை, அவை இல்லாமலும் பிழைப்பேன் என்பது தெரியவே வழியில்லை.

வீட்டுப்பாடம் கண்டிப்பாக உண்டு. ஒரு நோட்டில் என்ன நினைத்தேன், நூற்றுக்கு எவ்வளவு நம்பினேன், கடைசியில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மாடிப்படி ஓடி ஏறுவது, நின்ற இடத்தில் சுற்றுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது என்று, பயப்படும் அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழகும் பயிற்சிகள். எதையும் திணிக்கவில்லை, "இந்த வாரம் எது முடியும்னு நீங்களே சொல்லுங்க" என்பார். காந்திபுரம் பஸ்ஸில் ஒருமுறை அவரும் ஏறி வந்தார். என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் நின்றுகொண்டார், வேண்டுமென்றேதான். அடுத்த முறை அவர் இல்லை, அதற்கடுத்த முறை பாட்டிலும் இல்லை. அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஆரம்பித்தது, கோடை விடுமுறைக்குள் தனியாகப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்துவிட்டேன். படபடப்பு இன்றும் எப்போதாவது எட்டிப் பார்க்கும், வந்த வழியே போய்விடும். அப்பாவைப் பற்றிப் பேசியதுதான் கடைசிச் சில சந்திப்புகள். நான் நிறைய அழுதேன், அவர் டிஷ்யூவை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருத்தலுக்கே தனித் திறமை வேண்டும்.

குறைகளும் உண்டு. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். காத்திருக்கும் இடம் குறுகல், தெரிந்தவர் யாராவது வந்தால் முகத்தைத் திருப்ப இடமில்லை. மாலை நேரம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 50 நிமிடத்துக்கு 1,200 ரூபாய் எல்லாராலும் முடியாது. என் சம்பளத்திலேயே யோசித்துத்தான் கொடுத்தேன். நிலைமையைச் சொன்னால் குறைத்துக்கொள்கிறார், ஆனால் நாமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அதை அவர் எழுதி ஒட்டியிருக்கலாம்.

முடியாதவர்கள் கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தயங்காமல் போங்கள். இரவில் பயம் வந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். நெஞ்சுவலி முதல்முறை வருகிறது என்றால் இதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள். அந்த மூச்சுப் பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். இந்த மேடத்திடம் போவதாக இருந்தால் பழைய ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள், முதல் நாளே கேட்பார்.