ஜாவாவிலிருந்து எஃப்எஃப்எம்பெக்கை ஓட்ட: ரன்டைம் எக்ஸெக், புராசஸ்பில்டர், காமன்ஸ் எக்ஸெக்

வீடியோ மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக்கை ஜாவாவிலிருந்து கூப்பிடும் நிரல், சின்ன மாதிரி வீடியோவில் ஒழுங்காக ஓடும். மாற்றவே பத்து நிமிடம் பிடிக்கும் கோப்பைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். பிழைச்செய்தி வராது, சிபியு சும்மா கிடக்கும்.

காரணம் பைப், அதாவது ஒரு புராசஸின் (ஓடும் நிரலின்) வெளியீட்டை இன்னொன்றிடம் கொண்டுசேர்க்கும் குழாய். லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 64 கேபி. எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்ற வரியை அரை விநாடிக்கு ஒருமுறை ஸ்டாண்டர்ட் எரரில் (செய்திகளுக்கான வெளியீட்டு வழியில்) எழுதும். வரிக்குச் சுமார் 100 பைட் என்று வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் பைப் நிரம்பிவிடும். ஜாவா அதைப் படிக்காமல், புராசஸ் முடியும்வரை காக்கும் வெயிட்ஃபாரில் உட்கார்ந்திருந்தால், எழுத இடமில்லாமல் எஃப்எஃப்எம்பெக் காத்திருக்கும். அது முடியட்டும் என்று ஜாவா காத்திருக்கும்.

வெளி நிரலை ஓட்ட ஜாவாவில் உள்ள பழைய வழியான ரன்டைம் எக்ஸெக்கை இதற்கு எடுக்கவே வேண்டாம். ஒரே சரமாகக் கட்டளையைக் கொடுத்தால் இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும், மேற்கோள் குறியை மதிக்காது. அந்த வடிவத்தை ஜாவா 18 கைவிடத்தக்கதாக அறிவித்துவிட்டது. அரே வடிவம் பரவாயில்லை என்றாலும், உள்ளே அது ஜாவாவின் இன்னொரு வழியான புராசஸ்பில்டரைத்தான் கூப்பிடுகிறது.

தனி நூலகமான காமன்ஸ் எக்ஸெக்கின் பலம் பம்ப்ஸ்ட்ரீம்ஹேண்ட்லர். தனி த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) வெளியீட்டை இறைத்துக்கொண்டே இருப்பதால் மேலே சொன்ன அடைப்பு வராது. நேரக் கெடுவுக்கு எக்ஸிக்யூட்வாட்ச்டாக் உண்டு. ஆனால் கட்டளைக்கு மதிப்புகளைச் சேர்க்கும் ஆட்ஆர்க்யுமென்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது மதிப்பாக ஃபால்ஸ் கொடுக்காவிட்டால், இடைவெளி உள்ள கோப்புப் பெயரை மேற்கோள் குறிக்குள் அடைத்துவிடும். லினக்ஸில் அந்தக் குறியும் பெயரோடு சேர்ந்து போகும். கோப்பு இல்லை என்று எஃப்எஃப்எம்பெக் கைவிரிக்கும்.

ஜாவா 9-க்கு மேல் இருப்பவர்களுக்கு இந்த வேலைக்கு வெறும் புராசஸ்பில்டரே போதும் என்பது எங்கள் கணிப்பு. ஸ்டாண்டர்ட் எரரை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டோடு சேர்க்கும் ரீடைரக்ட்எரர்ஸ்ட்ரீமுக்கு ட்ரூ கொடுங்கள், ரீடைரக்ட்அவுட்புட்டில் ஒரு லாக் கோப்பைக் காட்டுங்கள். படிக்க வேண்டிய பைப்பே இல்லாமல் போகும், கூடுதல் த்ரெட்டும் வேண்டாம். (வீடியோவையே ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வாங்குவதானால் இரண்டையும் சேர்க்காதீர்கள், லாக் வரிகள் வீடியோவுக்குள் கலந்துவிடும்.) எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகைக் கட்டளைக்காக ஸ்டாண்டர்ட் இன்புட்டையும் பார்க்கும் என்பதால் நோ-எஸ்டிடி-இன் ஆப்ஷனைச் சேர்ப்பது நல்லது.

பிறகு நிமிடக் கணக்கோடு வெயிட்ஃபார். ஜாவா 8-இல் வந்த இந்த வடிவத்தைப் பலர் வீணாக்குவது எப்படியென்றால், அதே த்ரெட்டில் முதலில் வெளியீட்டை வரிவரியாகப் படிக்கும் ரீட்லைனை முடிவு வரை ஓட்டிவிட்டு அப்புறம் வெயிட்ஃபாருக்கு வருவார்கள். தொங்கிய புராசஸிடம் முடிவு ஏது? கெடு எண்ணத் தொடங்கவே தொடங்காது.

கொல்லும் இடத்தில்தான் வித்தியாசம் பெரிது. நடுவில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தால், காமன்ஸ் எக்ஸெக்கின் வாட்ச்டாக் அந்த ஷெல்லை மட்டும் முடிக்கும். பேரப்பிள்ளையான எஃப்எஃப்எம்பெக் பைப்பின் மறுமுனையைப் பிடித்தபடி ஓடிக்கொண்டே இருக்கும், பம்ப் த்ரெட்களும் விடாமல் காத்திருக்கும். செட்ஸ்டாப்டைம்அவுட் வைத்தால் அந்தக் காத்திருப்புக்கு எல்லை போடலாம்; பேரப்பிள்ளை என்னவோ சாகாது. ஜாவா 9-இன் புராசஸ்ஹேண்டில் இதற்குச் சரியான மருந்து. டிசென்டன்ட்ஸ் (பிள்ளை, பேரப்பிள்ளைப் புராசஸ்கள்) பட்டியலை ஷெல்லைக் கொல்வதற்கு முன்பே எடுத்து வையுங்கள். ஷெல் போனபின் பிள்ளைகள் வேறு தாயிடம் போய்விடும், பட்டியல் காலியாக வரும்.

பட்டியலில் உள்ளவற்றுக்கு முதலில் டெஸ்ட்ராய், சில விநாடி அவகாசம், இன்னும் உயிரோடிருந்தால் டெஸ்ட்ராய்ஃபோர்சிப்ளி. லினக்ஸில் முதலாவது சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்), இரண்டாவது சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்). சிக்டெர்ம் கிடைத்தால் எஃப்எஃப்எம்பெக் எம்பி4 கோப்பைத் திறக்கத் தேவையான மூவ் பகுதியை எழுதி மூடிவிட்டு 255 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேறும். சிக்டெர்முக்கு வழக்கமான 143-ஐ எதிர்பார்த்து நிரல் எழுதியிருந்தால் ஏமாறுவீர்கள். சிக்கில் போனால் 137 வரும், சாதாரண எம்பி4 கோப்பு திறக்காது. விண்டோஸில் டெஸ்ட்ராயே நேரடிக் கொலை என்பதால் அங்கே இந்த அவகாசத்துக்கு அர்த்தமில்லை.