விலை குறைந்த காம்பாக்ட் கேமரா: சோனியா, கேனானா, கோடாக்கா?

பையில் போட்டுக்கொண்டு போக சின்னதாக ஒரு கேமரா வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது என்று தேடுகிறவர்கள் மறுபடியும் பெருகியிருக்கிறார்கள். அப்படித் தேடினால் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் பெயர்கள் நான்கு: சோனி சைபர்ஷாட் டபிள்யூ830, கேனான் இக்ஸஸ் 185, கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45, எஃப்இசட்55. சோனி 2014ல் வந்தது, கேனான் 2017ல். இரண்டும் இன்று பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான். கோடாக் இரண்டும் பெட்டி பிரிக்காமல் புதிதாகவே கிடைக்கின்றன.

கோடாக் என்றதும் பழைய ஃபிலிம் ரோல் கம்பெனியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1975லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய ஸ்டீவ் சாசன் அந்தக் கம்பெனியின் பொறியாளர்தான். ஆனால் 2012ல் கோடாக் திவால் நோட்டீஸ் கொடுத்தது, கேமரா தயாரிப்பையும் நிறுத்தியது. பிக்ஸ்ப்ரோ வரிசை ஜேகே இமேஜிங் என்ற வேறு நிறுவனம் உரிமம் வாங்கி நடத்துவது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் கைகழுவிவிட்டுப் போன விலையில் இன்னும் புது கேமரா விற்கிறவர்கள் அவர்கள்தான்.

கைகழுவியதற்குக் காரணம் இருக்கிறது. 2010ல் உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் காம்பாக்ட் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. 2023ல் அது 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. எல்லாரும் போனுக்குப் போய்விட்டார்கள். அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நான்கும் உங்கள் போனை எந்த இடத்தில் முந்துகின்றன என்பதுதான்.

பல இடங்களில் முந்தாது. நான்கிலும் இருப்பது 1/2.3 அங்குல சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு. அகலம் 6.2 மில்லிமீட்டர், உயரம் 4.6, அவ்வளவுதான். நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. லென்ஸின் திறப்பைச் சொல்வது எஃப் எண், அது குறையக் குறைய வெளிச்சம் அதிகம். போன் லென்ஸ் எஃப்/1.8 என்றால் இந்தக் கேமராக்கள் ஜூம் இழுக்காத அகலக் கோணத்திலேயே எஃப்/3.0 முதல் எஃப்/3.9 வரை. எஃப்/3.3 உள்ள சோனியைவிட அந்தப் போன் லென்ஸ் மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். போதாக்குறைக்கு, போன் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் துடைத்துவிடும். இரவு வீதி, மெழுகுவத்தி வெளிச்சம், ஜன்னலுக்கு எதிரே நிற்கும் முகம் என்றால் தயங்காமல் போனை எடுங்கள்.

காம்பாக்ட் ஜெயிப்பது மூன்று இடத்தில். ஒன்று, உண்மையான ஆப்டிகல் ஜூம். இரண்டு, செனான் ஃபிளாஷ். போனில் இருப்பது எல்இடி, தொடர்ந்து எரியும் விளக்கு. செனான் ஃபிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் வெடித்து அணைந்துவிடுவதால், கல்யாண வீட்டில் ஓடி விளையாடும் பிள்ளையின் பட்டுப்பாவாடை காற்றில் நிற்பது அப்படியே உறைந்து விழும். ஆனால் அது எட்டும் தூரம் மூன்று மீட்டர் அளவுதான், மேடைக்கெல்லாம் போகாது. மூன்றாவது, அழைப்பும் வாட்ஸ்அப்பும் வராத ஒரு பொருள் என்பது. பத்து வயதுப் பிள்ளை கையில் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடுத்தனுப்ப போனைவிட இது எவ்வளவோ மேல்.

ஆக, ஜூமுக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் அந்த ஜூமை முழுக்க இழுத்த கோடியில் படம் ஆடாமல் வருகிறதா என்பதுதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரரும் விளம்பரமும் இதைச் சொல்வதே இல்லை.

எண்களைப் பார்ப்போம். எஃப்இசட்45ல் 4 மடங்கு ஜூம், 27 முதல் 108 மில்லிமீட்டர் (இந்த எண் கூடக் கூட தூரத்துப் பொருள் நெருங்கி வரும்). எஃப்இசட்55ல் 5 மடங்கு, 28 முதல் 140. சோனியில் 8 மடங்கு, 25 முதல் 200. கேனானிலும் 8 மடங்கு, 28 முதல் 224. பெட்டி மேல் கேனானும் சோனியும் சமம் போலத் தெரியும். இல்லை. சோனியில் ஆப்டிகல் ஸ்டெடிஷாட் இருக்கிறது, அதாவது கை நடுக்கத்துக்கு எதிராக லென்ஸின் ஒரு கண்ணாடியே நகர்ந்து ஈடுகட்டும். இக்ஸஸ் 185லும் கோடாக் இரண்டிலும் இருப்பது டிஜிட்டல் முறை மட்டும். நடுங்கிப் பதிந்த படத்தை அது மீட்டுத் தராது.

இதன் விளைவு நேரடியானது. 200 மில்லிமீட்டரில் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் 1/200 வினாடி வேண்டும் என்பது பழைய கணக்கு. ஜூம் கோடியில் இந்த லென்ஸ்கள் எஃப்/6.3க்கும் எஃப்/6.9க்கும் இடையே சுருங்கிவிடும். ட்யூப்லைட் எரியும் ஹாலில், ஐஎஸ்ஓ எனும் வெளிச்ச உணர்திறனை 1600 வைத்தாலும் 1/25 வினாடி சுற்றுவட்டத்தில்தான் ஷட்டர் கிடைக்கும். நின்று பேசுகிற ஆளைச் சோனியில் முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து ஓரளவு சமாளிக்கலாம். கேனானில் 224 மில்லிமீட்டரை அங்கே தொடவே கூடாது. பகல் வெயிலில் கேனானும் நன்றாகவே எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 8 மடங்கு என்று காசு கொடுத்துவிட்டுப் பாதி நேரம் 3 மடங்கோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. கேனானே வேண்டும் என்கிறவர்கள் அடுத்த மாடலான இக்ஸஸ் 190ஐத் தேடட்டும். அதில் ஆப்டிகல் ஸ்டெபிலைசர் உண்டு, வைஃபையும் உண்டு. மேலே சொன்ன நான்கிலும் வைஃபை கிடையாது, கார்டு ரீடரை போனில் செருகித்தான் படத்தை மாற்ற வேண்டும்.

மெகாபிக்சலுக்கு வருவோம். சோனியும் கேனானும் 20, கோடாக் இரண்டும் 16. படத்தின் அகலத்தில் எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் 12 சதவீதம்தான். ஆறுக்கு நாலு அங்குல பிரிண்ட் போட 22 லட்சம் பிக்சல் போதும். எஃப்/6.3ல் ஒளி விளிம்பில் வளைவதாலேயே ஒரு புள்ளி பல பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும். அதனால் 16ஐ விட 20 என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

சிசிடி என்ற பழைய வகை சென்சார் என்றால் கலர் தனி அழகு என்ற பேச்சு இப்போது பலமாக ஓடுகிறது. சோனியும் கேனானும் சிசிடி, கோடாக் இரண்டும் இன்றைய போன்களில் உள்ள சிமாஸ் வகை. அந்தப் பழைய கேமராக்களின் நிறம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் அந்தக் கம்பெனி படத்தைப் பக்குவப்படுத்திய விதத்தாலும் நேரடி ஃபிளாஷாலும் வருவது. சிசிடி என்ற எழுத்துக்காக விலையை ஏற்றிச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வீடியோவில் அதற்கு ஒரு தொல்லையும் உண்டு: ஃபிரேமில் பளிச்சென்ற விளக்கு வந்தால் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இழுக்கும்.

வீடியோவே முக்கியம் என்றால் கோடாக்தான். இரண்டும் 1080பி, மற்ற இரண்டும் 720பி. அதுவும் போன் வீடியோவுக்குப் பக்கத்தில் வராது, சரி, இதை இத்தோடு விடலாம்.

பேட்டரி அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை. எஃப்இசட்45 இரண்டு ஏஏ பென்சில் செல்லில் ஓடும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் சாதாரண செல் ஃபிளாஷுக்குத் தாங்காது, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கு வாங்கி இரண்டிரண்டாக மாற்றிப் போட வேண்டும். எஃப்இசட்55ல் லித்தியம் பேட்டரி, யுஎஸ்பி கேபிளைச் செருகிக் கேமராவிலேயே சார்ஜ் ஏற்றலாம். உடம்பும் மெல்லிசு, சட்டைப் பைக்குள் போகும். சோனியும் கேனானும் புதிதாக இருந்தபோது ஒரு சார்ஜுக்கு 210 படம் என்று கணக்குச் சொன்னவை. பத்து வருடப் பழைய பேட்டரியில் அதை எதிர்பார்க்க முடியாது, நல்ல மாற்றுப் பேட்டரியின் விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

எனக்கு எது என்கிறீர்களா? வாரண்டி வேண்டும், பழைய பொருளோடு போராட நேரமில்லை என்பவர் எஃப்இசட்55 வாங்கலாம். பகலிலும், ஃபிளாஷ் எட்டும் தூரத்திலும் அது ஏமாற்றாது. சிறு பிள்ளைக்கு முதல் கேமரா என்றால் எஃப்இசட்45. குடும்ப விசேஷம், ஊர்ப் பயணம், மரத்தில் உட்கார்ந்த கிளி என்று படம் எடுக்கவே ஆசைப்படுகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள சோனி டபிள்யூ830தான் என் தேர்வு. புது மாடல் வரட்டும் என்று காத்திருப்பதிலும் லாபமில்லை. 2016ல் சுமார் 210 டாலருக்கு வந்த எல்ஃப் 360ஐ (இக்ஸஸ் வரிசைக்கு அமெரிக்காவில் எல்ஃப் என்று பெயர்), கேனான் 2025ல் கிட்டத்தட்ட அதே உள்ளடக்கத்தோடு 379 டாலருக்கு மறுபடி இறக்கியது.

பழைய சோனியை வாங்கப் போகும்போது சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு காட்டச் சொல்லுங்கள். ஆன் செய்ததும் லென்ஸ் கரகரப்பில்லாமல் நேராக வெளியே வர வேண்டும். ஜூமை முழுக்க இழுத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், மங்கலான கரும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி இருக்கிறது. லென்ஸை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்து நூல் போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள், கடலோர ஊர்களில் இது சகஜம். பேட்டரி உப்பியிருந்தால் அதை அவரிடமே விட்டுவிடுங்கள். ஃபிளாஷை அடுத்தடுத்து ஐந்தாறு முறை அடித்துப் பாருங்கள். கார்டுக்கு 32 ஜிபி போதும், நான்கு கேமராவிலும் அது ஓடும்.