டமியா சூப்பர் க்ளாட் பஸ்டர்: மூன்று ஆக்சில் மான்ஸ்டர் ட்ரக் கட்ட வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிட்டை (பாகங்களாக வரும், நாமே கட்டும் வண்டிப் பெட்டியை) வாங்கி, கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்துக் கட்டி ஓட்டிய அனுபவம் இல்லை இது. நான் இதை வாங்கியதே பிரித்துப் போடத்தான். ஆறு சக்கரமும் இழுக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் திரும்ப வேண்டும், கல்லும் பள்ளமும் கிடக்கிற இடத்தில் நின்றுவிடாமல் ஏற வேண்டும், அப்படி ஒரு ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) ட்ரக்கைச் சொந்தமாகக் கட்ட வேண்டும் என்று பல வருட ஆசை. இரண்டு கிட் வாங்கினேன், எட்டு மாதம் ஆனது, இப்போது வண்டி ஓடுகிறது. ஆகவே பல ஆக்சில் வண்டி கட்ட நினைக்கிறவர்களுக்கு இந்தக் கிட் எவ்வளவு தூரம் உதவும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

க்ளாட் பஸ்டர் முதலில் வந்தது 1987-இல். 1:10 அளவு, நான்கு சக்கர இழுவை, நான்கு சக்கரத் திருப்பல், இரண்டு மோட்டார். அதன் அடிச்சட்டத்தையே வைத்து 1990-இல் புல்ஹெட் என்ற பெரிய லாரி முகம் கொண்ட வண்டியும் வந்தது. இப்போது சூப்பர் க்ளாட் பஸ்டர் என்று கிடைப்பதும் அடிப்படையில் அதே வண்டிதான். முப்பது வருடத்துக்கு முந்தைய வடிவமைப்பை இன்னும் ஏன் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள் என்றால், காரணம் ஒன்றுதான்: அதன் ஆக்சில்.

சாதாரண நான்கு சக்கர இழுவை வண்டியில் மோட்டார் நடுவில் இருக்கும், அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் முன்னால் போகும், ஒன்று பின்னால் போகும். அதில் மூன்றாவது ஆக்சில் சேர்க்கப் போனால் தலைவலி ஆரம்பம். நடு ஆக்சிலைக் கடந்து ஷாஃப்ட் பின்னால் போக வேண்டும், அதற்கென்றே தனி கியர்பாக்ஸ் வேண்டும், ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கூடும். க்ளாட்டில் இந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு ஆக்சிலின் முதுகிலும் ஒரு 540 அளவு மோட்டார், கியர், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் எல்லாம் அந்த ஒரே கூட்டுக்குள். வெளியே வருவது இரண்டு ஒயர் மட்டும். இரண்டு ஆக்சிலா, மூன்றா, நான்கா, ஆசைப்பட்ட எண்ணிக்கைக்கு வரிசையாக மாட்டி ஒயரை இழுத்துவிட்டால் போதும்.

இதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு, பலர் கவனிப்பதில்லை. மோட்டார் ஆக்சிலுக்கு இணையாகக் குறுக்கே படுத்திருக்கிறது. ஷாஃப்ட் வண்டிகளில் த்ராட்டிலை (ரிமோட்டின் வேக விசையை) அழுத்தியதும் சட்டம் ஒரு பக்கமாகச் சாயும் அல்லவா, ஷாஃப்ட் சுற்றுகிற முறுக்கு சட்டத்தைத் திருப்புவதால் வருவது அது. க்ளாட்டில் அது கிடையாது. சரிவில் குறுக்காக ஏறும்போது த்ராட்டில் கொடுத்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொள்ளுமே, அந்தப் பயம் இல்லாமல் ஏறலாம்.

கியர்பாக்ஸைக் கட்டுவது நல்ல அனுபவம். இரண்டு பாதி, நடுவில் கியர்கள் ஒவ்வொன்றாக உட்காரும், கிரீஸ் பூசி மூடி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் எங்கேயும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் வார்ப்பின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, திருகு ஒவ்வொன்றும் ஒரே இறுக்கத்தில் ஏறுகிறது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: புஷ் (ஷாஃப்ட் சுற்றும் வெறும் வளையம்) போட வேண்டிய இடங்களில் எல்லாம் கட்டும்போதே பால் பேரிங் போட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி மொத்தத்தையும் கழற்ற வேண்டும். மூன்று ஆக்சில் வண்டியின் எடைக்குப் பேரிங் இல்லாமல் சரிப்படாது.

டயரும் எனக்குப் பிடித்தது. கிட்டத்தட்ட ஆறரை அங்குல விட்டம், ட்ராக்டர் டயர் மாதிரி சாய்ந்த பட்டைகள், ரப்பர் நல்ல கனம். மண்ணில் கடிக்கிறது. வெறும் பாறையில் இதைவிட மென்மையான டயர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மான்ஸ்டர் ட்ரக் என்றால் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இந்த வண்டியின் திருப்பல் அமைப்பு ஆரம்ப காலத்திலிருந்தே எல்லோரும் மாற்றுகிற ஒன்று. சட்டத்தில் ஒரே ஒரு சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்), அதிலிருந்து நீளமான கம்பிகள் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் போகின்றன. ஆக்சில் மேலும் கீழும் அசைகிறபோது கம்பியின் தூரம் மாறும், நாம் ரிமோட்டைத் தொடாமலே சக்கரம் லேசாகத் திரும்பும். வேகத்தில் நேர்கோட்டில் வைத்திருப்பது கடினம். தீர்வு எளிது, சர்வோவைத் தூக்கி ஆக்சில் மேலேயே உட்கார வைத்துவிட வேண்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, 20 கிலோ-செ.மீ. முறுக்குவிசைக்குக் குறையாமல், உள்ளே உலோகக் கியர் உள்ளதாக. தனித்தனி சேனலில் கொடுத்தால் எதிரெதிராகத் திருப்பலாம், ஒரே பக்கம் திருப்பி நண்டு மாதிரி குறுக்காகவும் ஓட்டலாம். அந்த மிக்ஸிங் உள்ள ரிமோட்டாகப் பார்த்து வாங்குங்கள். கிட்டின் ஷாக்குகளும் இந்த எடைக்குப் போதாது, எண்ணெய் நிரப்பும் ஷாக்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் சட்டம் மூன்று ஆக்சிலுக்கு ஆகாது, நீளம் பத்தாது. அதை எடுத்து வைத்துவிட்டு 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் இரண்டு பக்கச் சட்டம் வெட்டினேன். ஆக்சிலைச் சட்டத்தோடு பிடிக்கும் லிங்க் கம்பிகளுக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். ஓர் ஆக்சிலுக்கு நான்கு, மொத்தம் பன்னிரண்டு. 6 மி.மீ. அலுமினியக் கம்பி, இரண்டு முனையிலும் 3.3 மி.மீ. துளை, அதில் எம்4 மரை. "பொம்மை வண்டிக்கு எதுக்குங்க தம்பி இத்தனை அளவு பார்க்கறீங்க?" என்று கேட்டார். ஓர் ஆக்சிலில் இடது லிங்க்கும் வலது லிங்க்கும் அரை மி.மீ. வித்தியாசப்பட்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மூன்று ஆக்சில் என்றால் மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் பன்னிரண்டையும் ஒரே செட்டிங்கில் வெட்டி, வெர்னியரில் ஒவ்வொன்றாக அளந்து கையில் கொடுத்தார். வண்டி இன்று நேராக ஓடுகிறது என்றால் பாதிக் காரணம் அவர்தான்.

இந்த லிங்க் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மோட்டார் ஆக்சிலிலேயே இருப்பதால், சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, ஆக்சில் கூடு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது இந்த நான்கு கம்பிகள் மட்டுமே. மேல் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குக்கும் இடையே ஆக்சில் பக்கம் எவ்வளவு உயரம் கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுங்கள்.

இப்போது நடு ஆக்சில். என் எட்டு மாதத்தில் பாதியை அதுதான் எடுத்துக்கொண்டது. முதலில் மூன்று ஆக்சிலுக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே உயரம் வைத்தேன். சமதரையில் அழகாக நின்றது. சின்ன மேட்டின் உச்சிக்கு வந்ததும் மொத்த எடையும் நடு ஆக்சிலில் உட்கார்ந்து, வண்டி சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. முன் சக்கரம் தரையைத் தொடாதபோது ரிமோட்டில் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. கடைசியில் நடு ஷாக்கின் மேல் முனையை 5 மி.மீ. உயர்த்தி, மென்மையான ஸ்பிரிங் போட்டு, எண்ணெயையும் ஒரு படி மெல்லியதாக மாற்றினேன். இப்போது நடு ஆக்சில் தரையைத் தொட்டுக்கொண்டே வருகிறது, ஆனால் வண்டியைத் தூக்குவதில்லை.

ஆக்சில்களை எந்த இடைவெளியில் வைப்பது என்பதையும் தகடு வெட்டும் முன்பே யோசித்துவிடுங்கள். நான் மூன்றையும் சம தூரத்தில், 230 மி.மீ. இடைவெளியில் வைத்தேன். முன்னும் பின்னும் எதிரெதிராக ஒரே கோணத்தில் திரும்பினால் வண்டி திரும்பும் மையம் சரியாக நடு ஆக்சிலின் நேர்கோட்டில் விழும், அதனால் நடுச் சக்கரங்கள் தரையில் தேயாமல் உருளும். 25 டிகிரி திருப்பினால் கணக்குப்படி சுமார் அரை மீட்டர் ஆரத்தில் திரும்பலாம். லாரி மாதிரி முன் ஆக்சில் மட்டும் திரும்பட்டும், மற்ற இரண்டும் நேராகவே இருக்கட்டும் என்று கட்டினால் அதே கோணத்துக்கு முக்கால் மீட்டர் ஆகும், போதாததற்குப் பின்னால் உள்ள நான்கு டயரும் ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். பார்க்க அதுவும் அழகுதான், ஆனால் ஓட்டத்துக்கு என் முறையே நல்லது.

மின்சாரப் பக்கம் வந்தால், மூன்று மோட்டாரையும் பேரலலாகத்தான் இணைக்க வேண்டும். சீரிஸில் இணைத்தால், காற்றில் தொங்கும் சக்கரத்தின் மோட்டார் சுலபமாகச் சுற்றி வோல்ட்டேஜ் முழுவதையும் தானே எடுத்துக்கொள்ளும், பிடிப்புள்ள ஆக்சில் செத்துக் கிடக்கும். பேரலலில் மூன்றுக்கும் முழு வோல்ட்டேஜ் போகும், கஷ்டப்படுகிற மோட்டார் தனக்கு வேண்டிய கரண்டைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். பாறையில் ஏறும்போது இந்த வித்தியாசம் கண்ணால் பார்க்கத் தெரியும். அப்புறம், முன் ஆக்சில் பின் ஆக்சிலுக்கு எதிர்முகமாக நிற்பதால் அதன் மோட்டார் எதிர்த்திசையில் ஓட வேண்டும். வண்டியைப் பலகைமேல் தூக்கி வைத்து, மெதுவாக த்ராட்டில் கொடுத்து ஆறு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். முன் சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுற்றினால் அந்த மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் சரி. ஒரு திசையில் மட்டும் நன்றாகச் சுற்றும்படி டைமிங் தள்ளி வைத்த வேக மோட்டார்களை இதில் போடாதீர்கள், எதிர்த்திசையில் ஓடுவது மட்டும் சூடாகும்.

முதலில் ஒரே ஒரு மலிவான ஈ.எஸ்.சி.யில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில்) மூன்று மோட்டாரையும் கொடுத்தேன். பெட்டியில் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் எழுதியிருந்தது. நான்காவது நிமிடம் ஏற்றத்தில் புகை வந்தது, அந்த வாசனை இரண்டு நாள் போகவில்லை. விற்றவரிடமிருந்து பதில் வரவில்லை. இப்போது இரண்டு ஹாபிவிங் 1060 ஈ.எஸ்.சி. போட்டிருக்கிறேன், முன்னுக்கு ஒன்று, நடுவுக்கும் பின்னுக்கும் சேர்த்து ஒன்று. இரண்டையும் ஒய் வடிவ ஒயரில் ஒரே த்ராட்டில் சேனலுக்குக் கொடுத்து, இரண்டிலிருந்தும் ரிசீவருக்குப் போகும் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டு, சர்வோக்களுக்குத் தனி பி.ஈ.சி. (குறைந்த வோல்ட்டேஜ் தரும் கருவி) வைத்தாயிற்று. இரண்டு செல் லிப்போ பேட்டரி, 5000 எம்.ஏ.எச். மூன்று மோட்டாரும் சேர்ந்து சராசரி 30 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடம்தான் கணக்கு. மெதுவாக ஏறி இறங்கி விளையாடினால் இருபதைத் தாண்டுகிறது. இரண்டாவது பேட்டரி இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

இவ்வளவு வேலை எதற்கு, ஆறு சக்கர வண்டி நேராகவே கிடைக்கிறதே என்று கேட்கலாம். டமியாவே 2016-இல் காங்ஹெட் விட்டது, ஒரே மோட்டாரில் கியர் வழியாக ஆறு சக்கரமும் ஓடும், 1:18 அளவு. குழந்தையோடு சேர்ந்து ஒரு வாரக் கடைசியில் கட்ட அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. டிராக்ஸஸின் டி.ஆர்.எக்ஸ்-6, பென்ஸ் ஜி63 உடலோடு வருவது, போர்ட்டல் ஆக்சில் (சக்கர மையத்துக்கு மேலே தூக்கி வைத்த ஆக்சில்) எல்லாம் இருக்கிறது, பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டலாம், மலைப்பாதைக்கு அற்புதமான வண்டி. ஆனால் இரண்டும் அந்த நிறுவனம் நினைத்த வண்டிகள். ஆக்சில் இடைவெளி, திருப்பல், டயர், நாளைக்கு நான்காவது ஆக்சில் சேர்ப்பது, இதையெல்லாம் நம் விருப்பத்துக்கு முடிவு செய்ய க்ளாட் மாதிரி இடம் கொடுப்பது வேறில்லை.

செலவுதான் பெரிய விஷயம். ஒரு கிட்டில் இரண்டு ஆக்சில்தான். மூன்றாவதுக்கு உதிரி பாகமாக ஒவ்வொரு பையாக வாங்கிச் சேர்க்கலாம், ஆனால் ஏதாவது ஒரு பை எப்போதும் கையிருப்பில் இருக்காது, அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கஸ்டம்ஸ் வரியும் கூரியரும் ஒவ்வொரு முறையும் தனி. நான் கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டாவது கிட்டையே வாங்கிவிட்டேன். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை, ஒரு முழு ஆக்சில், ஒரு ஜோடி டயர், இரண்டு உடல் மிச்சம். கையில் பணம் குறைவு என்றால் முதலில் ஒரு கிட் வாங்கி நான்கு சக்கர வண்டியாகக் கட்டி ஓட்டுங்கள், சட்டத் தகட்டை மட்டும் மூன்று ஆக்சிலுக்கும் துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியோடு என் வண்டி 6.2 கிலோ. போன ஞாயிறு ஏரிக்கரைக் கல் சரிவில் ஏற்றினேன். முன் சக்கரம் இரண்டும் ஒரு பெரிய கல்லில் முட்டி நின்றன, நடுவும் பின்னும் தள்ள, முன் டயர் பட்டை பட்டையாகக் கல்லைப் பிடித்து மேலே வந்தது, அது இறங்குவதற்குள் நடு ஆக்சில் அதே கல்லில் ஏறிவிட்டது. அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மூன்று முறை மறுபடி ஏற்றிக் காட்டச் சொன்னார். மிச்சமிருக்கிற நான்காவது ஆக்சிலுக்கு நான்கு லிங்க் வெட்ட லேத் அண்ணனிடம் நேற்று கம்பி கொடுத்திருக்கிறேன்.