முதுமலைக்குத் தூக்கிப்போகும் 60 லிட்டர் பை: எல்லாம் சரி, அந்த ஜிப்!

இந்தப் பையின் விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று எங்கள் தெருவிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். 60 லிட்டர், மூன்று பக்கமும் ஜிப் ஓடி சூட்கேஸ் மாதிரி விரியும், முதுகிலும் மாட்டலாம் என்பதெல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும். சென்னை ராயபுரத்திலிருந்து சின்னப் பிள்ளைகளோடு இதைக் காட்டுக்குத் தூக்கிப்போனால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதுமலை போவதென்றால் துணி ரெண்டு விதமாக எடுத்துவைக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் முடியாது. முதுமலையை ஒட்டிய மசினகுடிக்கு இறங்கினால் பகலில் அதே ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிச் சின்னவள் அழுவாள். நடுவில் கல்லட்டிப் பாதை, 36 கொண்டை ஊசி வளைவு, வாந்தி நிச்சயம். ஊட்டி டாக்சியின் பின்சீட்டில் மடியில் வைத்தே இதை விரித்தால் கவுன் எங்கே, துண்டு எங்கே என்று உடனே கண்ணில் படும். மேலே மட்டும் வாய் உள்ள பையில் அடிவரை கைவிட்டுத் துழாவியவர்களுக்கு இந்த அருமை புரியும்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் பக்கவாட்டில் இருக்கும் ரப்பர் பூசிய அறை. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் கவருக்கும் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நாமோ எதற்கெடுத்தாலும் கவரில் சுற்றிப் பழகியவர்கள். வாந்தி பட்ட துணி, ஈர ஜட்டி, காட்டில் போடவே கூடாத பழைய டயப்பர் எல்லாம் அந்த அறைக்குள் போய்விடும், நாற்றம் மற்ற துணிக்கு வராது. வீட்டுக்கு வந்து கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்துவைத்தால் போதும். இதை யோசித்தவர் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஜிப். துணியும் தையலும் இன்னும் அசையவில்லை, ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர் மட்டும் முதல் வருஷமே வெள்ளை பூத்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே நிற்காது, இந்த மலிவு ரன்னர் எங்கே நிற்கும்! மெழுகுவர்த்தி தேய்த்தால் ஓடுகிறது, ஆனால் ஓடின வழியிலேயே பின்னால் பிளந்துகொண்டு வருகிறது. மூன்று பக்கமும் விரிகிற பை என்பதால் ஓரிடத்தில் விட்டால் மொத்தமும் விடும். தெப்பக்காடு யானை முகாமுக்குப் பக்கத்தில் அப்படித்தான் விட்டது, குரங்கு வந்து பிஸ்கட் பாக்கெட்டை உருவிக்கொண்டு ஓடியது, பெரியவன் பயத்தில் அலறிவிட்டான். பிள்ளை கையைக் கடித்திருந்தால்? பிஸ்கட் தின்று பழகினால் அந்தக் குரங்குக்கும் கேடுதான். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால் ஜிப் வாரண்டியில் வராதாம், தேய்மானமாம். சரி என்று தண்டையார்பேட்டையில் பை தைக்கிற அண்ணனிடம் கொண்டுபோனேன். "பல்லு நல்லாத்தான் இருக்கு சார், ரன்னர்தான் வாய் விட்டுப்போச்சு" என்றார். குறடால் அழுத்தினால் கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் உடைந்துவிடும் என்று சொல்லி, பழையதை வெட்டி எடுத்துவிட்டுத் தடிமனான ரன்னர் கோர்த்து ஓரத்தைத் தைத்துக் கொடுத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். காசும் பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு பிளக்கவே இல்லை. தெருவோரத்தில் உட்கார்ந்து ஒருவர் செய்கிற வேலையை இவ்வளவு விலை வைத்து விற்கிறவர்கள் ஏன் செய்வதில்லை?

அதனால் வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். விலை இறங்கியும் வருவது அதே ரன்னர்தான், கடையில் இழுத்தே பார்த்துவிட்டேன். என் பை மட்டும் மே மாத லீவுக்கு மறுபடி முதுமலை வருகிறது, நீலகிரிக்குள் வண்டி போக வேண்டிய இ-பாஸ்கூட எடுத்தாயிற்று. அந்த ரப்பர் அறை மாதிரி ஒன்று வேறு எந்தப் பையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.