கோல்மன்ஸ்கோப் புகைப்பட அனுமதிச் சீட்டு: எந்த மாதத்தில் காசு தேறும்?

நமீபியாவின் லூடெரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது கோல்மன்ஸ்கோப். 1908-இல் அருகே வைரம் கிடைத்ததால் எழுந்த ஊர். 1956-க்குள் ஆளே இல்லாமல் காலியாகி, இப்போது ஜன்னல் மட்டத்துக்கு மணல் ஏறிய வீடுகளாக நிற்கிறது. இரண்டு வகைச் சீட்டு உண்டு. சாதாரணச் சீட்டில் காலை 8 முதல் மதியம் 1 வரை. விலை கூடிய புகைப்படச் சீட்டில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை.

விலை கூடியதுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். டிசம்பரில் அங்கே 6 மணி வாக்கிலேயே விடிந்துவிடும். எட்டு மணிக்குள் வெயில் சுள்ளென்று ஆகிவிடும் என்பதால் அந்த இரண்டு மணி நேரம்தான் காசுக்குப் பெறுமானம். ஜூனில் விடியவே ஏழே முக்கால் ஆகும். அப்போது சாதாரணச் சீட்டே போதும். மாலைக்காக வாங்குவதும் கோடையில் வீண், மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று மணலை வாரி இறைக்கும்.

அதிகாலையில் கிடைக்கும் இன்னொரு லாபம் தடம் படாத மணல். காற்று இரவில் கோதிவிட்ட வரிகளை முதலில் நுழைபவர் மட்டுமே பார்ப்பார். அதனால் எல்லோரும் ஓடும் பெரிய வீடுகளை முதலில் முடித்துவிட்டு, மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வாசலில் நின்றே முதல் படத்தை எடுங்கள். உள்ளே ஓரடி வைத்தால் அந்த அறை முடிந்தது. சீட்டை முந்தைய நாளே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

முழுச்சட்டக் கேமராவில் 16 முதல் 24 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8 அல்லது 11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. இருண்ட அறைக்கும் வெளிவெயிலுக்கும் ஒளி வித்தியாசம் அதிகம் என்பதால், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது) இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பிறகு ஒன்றாக இணைக்காவிட்டால் ஜன்னல் வெறும் வெள்ளையாகிவிடும். வெள்ளைச் சமநிலையை 5500 கெல்வினில் நிறுத்துங்கள், தானியங்கியில் விட்டால் சுவரின் பழைய சாயம் படத்துக்குப் படம் மாறும். கதவுச் சட்டங்களே சாய்ந்திருப்பதால் அவற்றை நம்பாமல் கேமராவின் மட்டக்கோட்டைப் பார்த்து நேராக்குங்கள்.

ட்ரைபாடில் கால்களின் அடிப்பகுதியை முதலில் நீட்டுங்கள், அப்போதுதான் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். பலர் மேற்பகுதியை மட்டும் நீட்டி, பூட்டுக்குள் மணல் ஏறி, திருகும்போதெல்லாம் நறநறவென்று கேட்டுத் தவிக்கிறார்கள். லென்ஸை அங்கே கழற்றவே கூடாது. கண்ணாடியில் தூசி விழுந்தால் ஊதுபந்து மட்டும். துணியால் துடைத்தால் கீறல். மாடிப் பலகைகள் உளுத்தவை, ஏறாமல் இருப்பது உத்தமம்.

2025-இன் சிறந்த வனவிலங்குப் படமாகத் தேர்வான விம் வான் டென் ஹீவரின் பழுப்புக் கழுதைப்புலி இந்த ஊரில் எடுத்ததுதான். அது இரவுப் பிராணி. அதை நம்பிப் பகல் சீட்டு வாங்காதீர்கள்.

ஆவுஸ் என்ற ஊரிலிருந்து வரும் பி4 சாலையோரக் காட்சிகளுக்குச் சீட்டே தேவையில்லை. ஆனால் சாலையை ஒட்டித் தடைசெய்யப்பட்ட வைர நிலம் இருப்பதால் அதற்குள் இறங்க முடியாது, 70-200 மி.மீ. லென்ஸ் இல்லாமல் பாழடைந்த ரயில் நிலையங்கள் கைக்கு எட்டாது. காற்று எழுந்தபின் வண்டியை நிறுத்தினால் கண்ணாடியும் வண்ணமும் தேயும். வாடகை வண்டி என்றால், காப்பீட்டில் மணல் சேதம் சேருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.