காரைக்குடியிலிருந்து தினமும் மதுரை, திருச்சி: பழைய டீசலா, சி.என்.ஜி-யா, பூட்டிய வீட்டுப் பெட்ரோலா?

காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் சரி, திருச்சிக்கும் சரி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தினமும் போய்வந்தால் 180. மாதம் 25 நாள் வேலை என்றால் 4,500, வருடத்துக்கு 54,000. புதுக்கோட்டைக்கோ சிவகங்கைக்கோ போய்வருகிறவருக்கு இதில் பாதிதான், மாதம் 2,000 சொச்சம். பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைக்குப் போனால் இரண்டு பேருக்கும் ஒரே வண்டியைக் காட்டி, "சிங்கிள் ஓனர், மைலேஜ் 25 தாண்டும் சார்" என்பார்கள். ஆனால் 2,000 ஓடுகிறவருக்குப் பொருந்தும் வண்டி, 4,500 ஓடுகிறவரை ஒரே வருடத்தில் மெக்கானிக் கடை வாசலில் உட்கார வைத்துவிடும். அவருக்குப் பொருந்துவது இவருக்கு வீண் செலவு.

ஐந்து லட்சத்துக்குள் செட்டிநாட்டுப் பக்கம் நம்பித் தேடக்கூடியவை மூன்று வகை. ஒன்று, மாருதி டிசையர், டொயோட்டா எட்டியோஸ் மாதிரி பி.எஸ்.4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல். இரண்டு, வேகன் ஆர், செலேரியோ மாதிரி கம்பெனியிலேயே சி.என்.ஜி வைத்து வந்தவை. மூன்றாவது இந்த ஊருக்கே உரியது: பெரிய வீட்டில் பூட்டிக் கிடக்கும், மீட்டரில் இருபதாயிரம்கூடத் தாண்டாத பெட்ரோல் கார்.

முதலில் எரிபொருள் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 93, சி.என்.ஜி கிலோ 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்க் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஏசி ஓட, 80-இலிருந்து 90 வேகத்தில், பெட்ரோல் 18, டீசல் 22, சி.என்.ஜி கிலோவுக்கு 27 கொடுத்தால் மாதம் 4,500 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 25,250, டீசல் 19,000, சி.என்.ஜி 15,300 ரூபாய் ஆகும். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் மாதம் ஆறாயிரத்துக்கு மேல் வித்தியாசம், வருடத்துக்கு முக்கால் லட்சம். 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அதே வித்தியாசம் மாதம் 2,800 ரூபாய்க்குள் அடங்கிவிடும். பழைய டீசலில் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது), டர்போ (காற்றை அழுத்தி அனுப்புவது) வேலை ஒருமுறை வந்தால் அந்த வருட மிச்சம் முழுக்க அதற்கே போகும். அதனால் மாதம் 2,000-ஐ ஒட்டி ஓடுகிறவர் டீசல் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கம்பெனி விளம்பரத்தில் வரும் மைலேஜ் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 2017-இல் வந்த டிசையர் டீசலுக்கு அந்த எண் 28.4. மேலூர் ரோட்டில் ஏசி போட்டு ஓட்டினால் 22 முதல் 24 வரும். 100-க்கு மேல் மிதித்தால் அதிலும் குறையும்.

டிசையரா, எட்டியோஸா

டிசையரில் இருப்பது ஃபியட்டிடமிருந்து வந்த 1,248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஏகப்பட்ட வண்டிகளில் போட்ட அதே எஞ்சின். அதனால் பார்ட்ஸுக்கு மதுரை வரை ஓட வேண்டியதில்லை, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் உண்டு. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆனால் ஆயில் சர்வீஸைத் தள்ளிப்போட்ட வண்டியில் அந்தச் செயினே தளர்ந்து, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கடகடவென்று சத்தம் கொடுக்கும். சூடான எஞ்சினில் அது கேட்காது. வண்டி பார்க்கப் போகும்போது "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

இந்த எஞ்சினின் மற்ற நோய்கள் தெரிந்தவைதான். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர் வால்வில் கரி அடைத்தால் இழுவை குறையும், கறுப்புப் புகை வரும். டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி விரலை விட்டுத் துடைத்தால் லேசான எண்ணெய்ப் பசை சகஜம். சொட்டினால் டர்போ சீல் போய்விட்டது. இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் வையுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் நான்கு ரிட்டர்ன் குழாயையும் நான்கு சிறு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டினால், எதில் அதிகம் நிறைகிறதோ அது தேய்ந்த இன்ஜெக்டர். டீசல் மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை.

எட்டியோஸ் 1,364 சிசி, 68 குதிரைத்திறன். தாளில் பார்த்தால் டிசையரைவிடச் சோப்ளாங்கி. ஆனால் குறைந்த ஆர்.பி.எம்-இலேயே இழுக்கும், டிசையரில் டர்போ எழும்பும்வரை கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கி 590 லிட்டர் அளவுக்குப் பெரிது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எட்டியோஸ் 4 நட்சத்திரம் வாங்கியது. டிசையரின் உடன்பிறப்பான ஸ்விஃப்ட், 2018 சோதனையில் 2 நட்சத்திரம்தான். தினமும் மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் இருக்கப்போகிறவர் இதை ஓரமாக வைத்துவிடக் கூடாது. சத்தம் கொஞ்சம் அதிகம், மீட்டர் நடுவில் இருப்பது பழகச் சில நாள் ஆகும், மைலேஜ் டிசையரைவிட ஒன்றிரண்டு குறையும்.

எட்டியோஸில் உண்மையான சிக்கல் வேறு: டாக்ஸி. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ராமேஸ்வரம் என்று மஞ்சள் போர்டில் ஓடித் தீர்த்து, வெள்ளை போர்டுக்கு மாற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய. டிசையரிலும் உண்டு. மீட்டர் 85,000 காட்டும், எஞ்சின் மூன்று லட்சம் பார்த்திருக்கும். பின் சீட்டில் உட்காருங்கள். டிரைவர் சீட்டைவிடப் பின் சீட் அமுங்கிக் கிடந்தால் அது வாடகைக்கு ஓடியது. பின் கதவுக் கைப்பிடியின் உட்பக்கத் தேய்மானம், கூரையில் கேரியர் நட்ட அடையாளம், நம்பர் பிளேட்டுக்கு அடியில் மஞ்சள் பெயின்ட் மிச்சம் எல்லாவற்றையும் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் நகலைக் கேட்டு வாங்கினால் இத்தனை ஆராய்ச்சியே தேவைப்படாது: வாடகை வண்டிக்கான பயணிகள் வாகன பாலிசி என்று ஒரு வருடம் இருந்தாலும் போதும், கதை தெரிந்துவிடும்.

மாருதி டீசலும் எட்டியோஸும் 2020-இல் பி.எஸ்.6 வந்தபோது நின்றுபோனவை. எவ்வளவு புதிதாகத் தேடினாலும் அந்த வருட மார்ச்சுக்கு முந்தைய வண்டிதான் கிடைக்கும். அதற்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அதில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் இருக்கும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் அது தானே எரிந்து சுத்தமாகும். செக்காலை ரோட்டுக்கும் கழனிவாசலுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ஃபோர்டு ஃபிகோ டீசல் விலை குறைவாகக் கண்ணில் படும். ஓட்ட அருமையான வண்டி. கம்பெனி 2021-இல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து வெளியேறியது; உங்கள் மெக்கானிக் பார்ட்ஸுக்கு உத்தரவாதம் சொன்னால் மட்டும் போங்கள்.

சி.என்.ஜி: பங்க் எங்கே?

கணக்கில் ஜெயிப்பது வேகன் ஆர் சி.என்.ஜி. தோற்பது பங்க்கில். சிலிண்டர் 60 லிட்டர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் எட்டு கிலோ சொச்சம் ஏறும். எட்டு கிலோவுக்கு 216 கிலோமீட்டர். மதுரை போய்வர 180 என்றால் தினமும் ஒருமுறை பங்க்கில் நின்றாக வேண்டும். கேஸை லாரியில் கொண்டுவந்து விற்கும் பங்க்காக இருந்தால், முன்னால் நாலு ஆட்டோ பிடித்த பிறகு அழுத்தம் 160-க்கு இறங்கியிருக்கும். அப்போது ஆறரை கிலோவுக்குள்தான் ஏறும், 173 கிலோமீட்டர். வீடு வந்து சேராது, கடைசியில் பெட்ரோலில் ஓடும். வாங்குவதற்கு முன் நீங்கள் போகும் ரோட்டிலேயே, போகும் பக்கத்திலேயே பங்க் இருக்கிறதா, காலையில் எத்தனை வண்டி நிற்கிறது, அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று இரண்டு நாள் நின்று பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை ஓட்டத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதால் அங்கே சி.என்.ஜி நன்றாகப் பொருந்தும்.

கம்பெனி கிட் வைத்த வண்டியை மட்டும் பாருங்கள். வெளியில் வைத்த கிட் என்றால் ஆர்.சி-யில் எரிபொருள் 'பெட்ரோல்/சி.என்.ஜி' என்று ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸில் தகராறு வரும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) கட்டாயம். தேதி பொறித்த தகடு இருக்கும். பெட்ரோல் டேங்க்கைக் காயவிட்டு சி.என்.ஜி-யிலேயே ஓட்டிய வண்டியில் பெட்ரோல் பம்ப் போயிருக்கும், இன்ஜெக்டரில் பிசின் படிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது சுவிட்சை மாற்றிப் பத்து கிலோமீட்டர் பெட்ரோலிலும் ஓட்டுங்கள். டிக்கி கிடையாது என்பதை மறந்துவிட வேண்டாம். சீர் சாமான் ஏற்றிக் கல்யாணத்துக்குப் போகும் ஆசை இருந்தால் இந்த வண்டி வேண்டாம். வேகன் ஆர் 2019 சோதனையில் 2 நட்சத்திரம் எடுத்தது. 2022-க்கு முந்தைய வண்டிகளில் பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் இல்லாமலும் வந்தது. திறந்து பார்த்து வாங்குங்கள்.

பூட்டிய வீட்டு வண்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் இப்படி ஒரு கார் விலைக்கு வரும். குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். செவ்வாய்ப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஆச்சி வரும்போது மட்டும் கார் வெளியே வரும். ஏழு வருடத்தில் 18,000 கிலோமீட்டர், கீறல் இல்லாத பெயின்ட். பார்த்ததும் கை நீளும். மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் ஓடாமல் நின்றதே இந்த வண்டிக்கு நோய்.

பானட்டைத் திறந்ததும் எஞ்சினைப் பார்க்காதீர்கள், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். தென்னை நார், கிழிந்த பஞ்சு, எலிப் புழுக்கை இருந்தால் ஒயரிங்கையும் கடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒயரிங்கில் விட்டு விட்டு வரும் கோளாறு மாதிரி எரிச்சல் வேறில்லை. மேலூர் தாண்டி இருட்டில் ஹெட்லைட் அணையும். எல்லா லைட்டும், நான்கு ஜன்னலும், டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்குகளும் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயர், பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு ஆகாது. ஒரே இடத்தில் நின்று தட்டையானதால் 70 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பிரேக் காலிப்பரின் ஊசி (பின்) இறுகியிருக்கும். ஏசி கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் கசிந்திருக்கும். எஞ்சின் மவுன்ட், ஹோஸ், பெல்ட் எல்லாம் விறைத்திருக்கும்.

கூலன்ட் டப்பாவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தெரிந்தால் உஷார். போர் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். உப்பு படிந்து ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கும். சித்திரை வெயிலில் ஏசியோடு ஓட்டும்போதுதான் தெரியும்.

இதற்கெல்லாம் டயர், பேட்டரி, பெல்ட், பிரேக், எல்லா ஆயிலும் சேர்த்து 35,000-இலிருந்து 40,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்துவிட்டு விலை பேசுங்கள். அந்தச் செலவையும் சேர்த்த பிறகும் விலை நியாயமாக இருந்தால், மாதம் 2,000 ஓடுகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. செலேரியோ, கிராண்ட் ஐ10, டியாகோ எதுவானாலும் சரி. டியாகோவுக்குக் குளோபல் என்கேப்பில் 4 நட்சத்திரம். மூன்று சிலிண்டர் எஞ்சின் என்பதால் நின்ற நிலையில் கொஞ்சம் அதிரும், அது கோளாறு இல்லை.

4,500 ஓடுகிறவருக்கு எங்கள் தீர்ப்பு டீசல்: டாக்ஸி ஓடாத எட்டியோஸ் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் 2017-க்குப் பிந்தைய டிசையர். ஒரு லட்சம் ஓடிய வண்டியை வாங்கினால் அடுத்த வருடமே ஒன்றரை லட்சம் தாண்டும்; மறுவிற்பனை விலையை நினைத்துக் கலங்குவதில் பிரயோசனம் இல்லை. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள், டயர், கிளட்ச், சர்வீஸ் எல்லாம் அதில் அடங்கும். பத்தாயிரத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸ் என்றால் உங்களுக்கு அது இரண்டு மாதம் சொச்சத்துக்கு ஒருமுறை. அதைத் தாங்க முடியாதவர் டீசல் வாங்கக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பதை நூறடி ரோட்டோடு முடித்துவிடாதீர்கள். குன்றக்குடி வரை போங்கள். ஐந்தாவது கியரில் 80-இல், கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்தி ஓட்டினால் வீல் பேரிங் ஊளை கேட்கும். ஸ்பீடு பிரேக்கரில் டொக் என்றால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்தது. திரும்பி வந்து எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது, விலை குறைத்தாலும் வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில் செட்டிநாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆர்.சி காலமான ஐயா பெயரிலேயே இருக்கும். அப்படியிருந்தால் முதலில் வாரிசு படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றட்டும், பிறகு படிவம் 29, 30-இல் உங்களுக்கு எழுதித் தரட்டும். இடையில் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கடன் இருந்தால் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் வேண்டும். புதுச்சேரியின் பி.ஒய் நம்பர் வண்டி மலிவாகக் கிடைத்தால் படிவம் 28 தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு ஆயுள் வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளைக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது அவருடையது. அதனால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடுதலாகத்தான் வரும்.