"1000 மடங்கு" யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டி: கிராஃபீன் தேடுவோருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மட்டக்களப்பு நகரில் கைபேசி திருத்தும் கடைகளின் மேசைகளில் நிற்கும் குழல் வடிவ யூ.எஸ்.பி. நுணுக்குக்காட்டியைப் பற்றியது இந்த மதிப்புரை. பத்தாயிரம் ரூபாவுக்குள் கிடைக்கும் இக்கருவியின் பெட்டியில் "1000 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வில்லையைச் சுற்றி எட்டு எல்.இ.டி. விளக்குகள் வளையமாக அமைந்துள்ளன. கைபேசிப் பலகையில் சோல்டர் விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு இந்த விலையில் இதைவிட நல்ல கருவி கிடைப்பது கடினம். நான் இதை வாங்கியது வேறொரு வேலைக்காக. இருபரிமாணப் பொருள்களின் (ஓரிரு அணுத் தடிப்பே உள்ள படலங்களின்) ஒளியிலத்திரனியலில், அதாவது ஒளியை மின்னாகவும் மின்னை ஒளியாகவும் மாற்றும் துறையில், ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணமுள்ள பௌதிகவியல் மாணவர் இங்கும் உண்டு. அத்துறையில் நுழைபவர் முதலில் பழக வேண்டிய கைவேலையை இக்கருவியைக் கொண்டு ஊரிலேயே பழகலாமா என்பதே என் கேள்வி.

அந்தக் கைவேலை, செதில் தேடுவது: பளிங்கிலிருந்து உரித்த துண்டுகளுள் மிக மெல்லியதைக் கண்டுபிடிப்பது. 2004இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்மும் கொன்ஸ்தாந்தின் நொவோசெலோவும் காரீயத்தை (பென்சில் கூரில் உள்ள கிராபைற்றை) ஒட்டுநாடாவால் மீண்டும் மீண்டும் உரித்து, சிலிக்கன் தகட்டில் அழுத்தி, ஓரணுத் தடிப்புள்ள கிராஃபீனைப் பிரித்துக் காட்டினர். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உரிப்பது யாருக்கும் கைவரும். உரித்தவற்றுள் 0.34 நானோமீற்றர் தடிப்புள்ள ஒன்றைக் கண்ணால் இனங்காண்பதே கடினம். அது முடிந்த பிறகுதான் மற்ற எல்லாம் வரும்: செதில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, மின்வாய் பதிப்பது, குளிரூட்டிய கலத்துள் வைத்து லேசர் ஒளி பாய்ச்சி ஒளிமின்னோட்டத்தை அளப்பது. தன்னியக்கமாகத் தேடும் இயந்திரங்கள் சில ஆய்வுக்கூடங்களுக்கு வந்துவிட்டன என்றாலும், ஒரு புதிய ஆய்வு மாணவரின் தொடக்க மாதங்களில் பெரும்பகுதி இன்றும் நுணுக்குக்காட்டியின் முன்னால்தான் கழிகிறது.

இவ்வளவு மெல்லிய பொருளில் ஒளியியலாளருக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். காரீயம்போலவே அடுக்கடுக்காக உரியும் மொலிப்டினம் இருசல்பைட்டு கனமான பளிங்காக இருக்கும்போது ஏறத்தாழ 1.3 இலத்திரன்வோல்ற்று நேரல்லாச் சக்தி இடைவெளியை (இலத்திரன் ஒளியை மட்டும் உமிழ்ந்து நேராகக் கடக்க முடியாத இடைவெளியை) கொண்டிருப்பதால் ஒளியை உமிழ்வதில் மிகவும் மந்தமானது. அதையே ஓரடுக்காக்கினால் இடைவெளி நேரானதாக மாறி, ஏறத்தாழ 1.85 இலத்திரன்வோல்ற்றில் சிவப்பொளி உமிழத் தொடங்குகிறது என்பதை 2010இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. 2011இல் சுவிற்சர்லாந்தின் லொசானில் அந்திராஸ் கிஸ் குழுவினர் அதே ஓரடுக்கில் திரான்சிற்றர் செய்தனர். 2013இல் அவர்களே அதை மிகுந்த உணர்திறனுள்ள ஒளியுணரியாக்கினர். இப்பணிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் யாரோ ஒருவர் குனிந்திருந்து, மங்கலான ஒரு திட்டைப் பார்த்து "இதுதான்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

இனிக் கருவிக்கு வருவோம். "1000 மடங்கு" என்பது கணினித் திரையில் படத்தை ஊதிப் பெருப்பித்துக் கிடைக்கும் எண். நுணுக்கம் அதனால் கூடுவதில்லை. இதைச் சோதிக்க ஒரு பழைய சீ.டீ. போதும். சீ.டீ.யின் தடங்கள் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில் உள்ளன. இக்கருவி அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. கைபேசித் திரையின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளையோ மிகத் தெளிவாகக் காட்டுகிறது. நல்ல செதில் ஒன்று பொதுவாக ஐந்து முதல் இருபது மைக்ரோமீற்றர் அகலமாவது இருக்கும் என்பதால், இந்தக் குறையை மட்டும் வைத்துக் கருவியை ஒதுக்க நான் தயாராக இல்லை.

உண்மையான சிக்கல் ஒளி வரும் திசையில் இருக்கிறது. சாதாரணமாகப் பயன்படுத்தும் சிலிக்கன் தகட்டின்மேல் 300 நானோமீற்றர் தடிப்பில் சிலிக்கன் ஒட்சைட்டுப் படலம் இருக்கும். அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் தெறிக்கும் ஒளிக்கதிர்கள் தலையிடுவதால், அதாவது ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் விடுவதால், தகடு ஊதா நிறமாகத் தெரிகிறது. அதன்மேல் ஓரணுப் படலம் படிந்தாலும் அந்தத் தலையீடு சற்றே மாறி, பச்சை ஒளியில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு ஒளிர்வு வேறுபாட்டைத் தருகிறது. ஒட்சைட்டு 300க்குப் பதிலாக 315 நானோமீற்றராக இருந்தாலே கிராஃபீன் கண்ணுக்குப் படாமல் போய்விடக்கூடும் என்று கெய்மும் நொவோசெலோவும் எழுதியிருக்கிறார்கள். இத்தகைய நுட்பமான தலையீட்டைக் காண ஒளி வில்லையின் அச்சு வழியே நேராக இறங்கி, தெறித்து, அதே வழியில் திரும்ப வேண்டும். இக்கருவியின் வளைய விளக்குகளோ சரிவாக ஒளி வீசுகின்றன. கண்ணாடிபோல் பளபளக்கும் தகட்டில் எட்டு வெள்ளைப் புள்ளிகளும் சுற்றிலும் இருட்டுமே தெரிகின்றன. உலோகவியல் நுணுக்குக்காட்டியில் இந்த நேரொளி ஏற்பாடு உடன்பிறந்தது. அதன் விலை நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. கம்பியிலுள்ள சில்லைத் திருப்பி வளைய விளக்குகளை அணைத்துவிட்டு, வில்லைக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை 45 பாகையில் சரித்து வைத்து, பக்கவாட்டில் ஒரு டோர்ச்சை மெல்லிய எண்ணெய்த்தாள் ஊடாகப் பிடித்தால், தகடு முழுவதும் சீரான ஊதாவாக மலர்கிறது. கண்ணாடிக்கு இடம் வேண்டும் என்பதால் உருப்பெருக்கத்தைக் குறைத்தே வைக்க முடியும். அந்நிலையில் தடித்த காரீயச் செதில்கள் மஞ்சளாகவும் வெளிர்நீலமாகவும், மெலிந்தவை ஊதாவுக்கு நெருங்கிய நீலமாகவும் படிப்படியாகத் தெரிகின்றன. நிறத்தைக் கொண்டு தடிப்பை ஊகிக்கும் பழக்கம் இதில் நன்றாகவே வருகிறது. ஓரடுக்கு மட்டும் பிடிபடவில்லை. கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும், படத்தைச் சுருக்கிச் சேமிப்பதும் அந்தப் பத்திலொரு பங்கு வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. கூடவந்த மென்பொருளில் அதை நிறுத்த வழியில்லை. எப்படியும், ஓரடுக்கு என்று உறுதியாகச் சொல்வதற்கு ராமன் நிறமாலைமானி (லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம் மாறும் விதத்தை அளக்கும் கருவி) வேண்டும்.

உரிப்பதற்கான மூலப்பொருள் விடயத்தில் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு: கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் தோண்டப்படும் நரம்புக் காரீயம் மிகத் தூய்மையானது. சிறு கட்டியொன்று பல மாதங்களுக்குப் போதும். நம் பக்கத்துக் காலநிலைதான் ஒத்துழைப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசு தகட்டில் ஒட்டி, செதிலோ அழுக்கோ என்று மயக்குகிறது, மாரியில் ஈரலிப்பு. தகட்டைச் சூடாக்கி உலர்த்திய பின்னரே ஒட்டுநாடாவை அழுத்துவது நல்லது.

செதில் வேட்டையின் முறையையும் பொறுமையையும் பழகுவதற்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஓரடுக்குக் காண வேண்டும் என்பவர் பணத்தைச் சேர்த்துவைக்கட்டும். வாங்கப்போகிறவர் கடையிலேயே சீ.டீ. ஒன்றை வைத்துப் பார்த்து, வெளிச்சத்தைக் கையால் நிலைப்படுத்தும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பிளாஸ்ரிக் தாங்கியோடு வருவதைத் தவிர்த்து இரும்புத் தாங்கியுள்ளதை எடுங்கள். மேசையில் கை பட்டாலே பிளாஸ்ரிக் தாங்கி ஆடி, தேடிப் பிடித்த செதில் திரையை விட்டுப் போய்விடும்.